வெள்ளிக்கிழமைக்குள் முளைத்த கடுகு

கொலுப் படியில் இருந்த பொம்மைகள் எல்லாம் அம்மாவுடையவை. அவள் பிறந்த வீட்டிலிருந்து வந்தவை. நானும் தம்பியும் அவற்றின் பக்கத்தில் மூச்சுக்கூட விடக் கூடாது. படிகளுக்குக் கீழே தரையில் போடுகிற பார்க் மட்டும்தான் எங்களுடையது. எங்களுடையது என்றால் நான், தம்பி, அத்தை மூன்று பேருக்கும் சொந்தம். அறுபதுகளில் மாட்டுங்காவில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தில் எல்லாத் தமிழ் வீட்டிலும் கொலு உண்டு. எல்லாக் கொலுவுக்கும் முன்னால் ஒரு பார்க் உண்டு. மற்ற வீடுகளில் பிளாஸ்டிக் வாத்து, தகரக் கார், சாவி கொடுத்தால் ஓடும் ரயில் என்று கடைத்தெருவையே கொண்டுவந்து இறக்கியிருப்பார்கள். எங்கள் பார்க்கில் கடையில் வாங்கியது ஒன்றுகூட வரக் கூடாது. அது அத்தை போட்ட சட்டம். மண்ணில் கிடந்தது, மரத்திலிருந்து விழுந்தது, சமையலறையில் மிஞ்சியது, இவ்வளவுதான்.

அதனால் எங்களுக்கு நவராத்திரி மே மாதமே ஆரம்பித்துவிடும். பார்ஸி காலனிப் பக்கம் குல்மொஹர் மரத்தடியில் கிடக்கும் நீளக் காய்களைப் பொறுக்கி வருவோம். இரண்டாகப் பிளந்தால் அவை படகு. சிக்கூ என்கிற சப்போட்டாப் பழம் தின்றால் விதையைத் துப்பக் கூடாது, கழுவிக் காயவைக்க வேண்டும். கறுப்பாகப் பளபளவென்று இருக்கும் அந்த விதைகள்தான் பார்க்கில் நடைபாதையின் இரண்டு ஓரத்திலும் வரும். பாதாம் மரத்தின் சிவந்த இலை குடிசைக்குக் கூரை. கொட்டாங்கச்சி கிணறு. தேங்காய் நார் மலை. காய்ந்த துளசிக் கதிரைக் களிமண்ணில் நட்டால் தோப்பு. இதையெல்லாம் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போட்டு அத்தையின் டிரங்குப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருப்போம். ஒரு தடவை தம்பி மாம்பழக் கொட்டையை ஈரத்தோடு போட்டு டின் முழுவதும் புழு வைத்துவிட்டது. அத்தை அவனைத் திட்டவில்லை. புழுவும் மண்ணில் கிடப்பதுதானே, பார்க்கில் விடலாமா என்று கேட்டாள். அம்மா அலறினாள்.

பார்க்கின் உயிர் புல்தரை. ஒரு மரத்தட்டில் மணலும் எருவும் பரப்பி, ஊறவைத்த கடுகையும் கேழ்வரகையும் தூவி, ஈரத்துணியால் மூடிவைப்போம். மூன்றாம் நாள் வெள்ளையாக வாலை நீட்டும். ஐந்தாம் நாள் பச்சைப் பசேலென்று நிற்கும். ஏழெட்டு நாளில் பழுத்துச் சாய்ந்துவிடும். ஆகவே எந்த நாளுக்கு வேண்டுமோ அதைக் கணக்குப் பண்ணி விதைக்க வேண்டும். நாங்கள் எப்போதும் சரஸ்வதி பூஜைக்கு விளைகிற மாதிரி நவராத்திரியின் நான்காம் நாள் விதைப்போம். அதுவும் அத்தை கையால்தான்.

அத்தை அப்பாவின் தங்கை. அப்போது அவளுக்கு இருபத்தெட்டு வயது. ஃபோர்ட்டில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் டைப்பிஸ்ட். எங்கள் இரண்டு அறை வீட்டில் நான், தம்பி, அத்தை மூன்று பேரும் வெளியறையில் ஒரே பாயில் படுப்போம். நல்ல உயரம், நல்ல கறுப்பு. இந்த இரண்டையும் நான் சொல்லவில்லை, அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் சொன்னது. எனக்கு நினைவு தெரிந்தே ஏழு தடவை வந்து பார்த்திருக்கிறார்கள். பஜ்ஜி தின்றுவிட்டு, பாட்டுக் கேட்டுவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று போவார்கள். சொல்லி அனுப்ப மாட்டார்கள். ஏழாவதாக வந்த கூட்டத்தில் பையனின் சித்தப்பா ஒருவர் அத்தையை எழுந்து ஜன்னல் பக்கம் வந்து நிற்கச் சொன்னார். டியூப் லைட்டில் நிறம் சரியாகத் தெரியவில்லையாம். அத்தை நின்றாள். அவர் அவளைப் பார்த்தார். பிறகு காபியைக் குடித்தார். அன்றைக்கு நான் அந்த ஆளின் செருப்பில் ஒன்றை மாடியிலிருந்து சாக்கடையில் போட்டேன். இன்றுவரை அதற்கு வருத்தப்பட்டதில்லை.

அவர்கள் போன பிறகு அத்தை அப்பாவிடம் சொன்னாள், இனி என்னைக் கேட்காமல் ஒருவரையும் வரச் சொல்லாதே, வரச் சொன்னால் நான் வேலைக்குப் போகும் பெண்களுக்கான ஹாஸ்டலுக்குப் போய்விடுவேன், விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறேன் என்று. அப்பா சுவாமி விளக்கின் முன்னால் நின்று வாக்குக் கொடுத்தார். நான் கதவு இடுக்கில் நின்று பார்த்தேன். எனக்கு அப்போது பத்து வயது. அத்தை போய்விட்டால் பாயில் அவள் படுக்கும் இடத்தில் யார் படுப்பார்கள் என்பதுதான் என் கவலை. அப்பா வாக்குக் கொடுத்ததும் எனக்கு வயிறு குளிர்ந்தது. அப்பா சொன்னால் சொன்னதுதான் என்று நினைக்கிற வயது.

அந்த வருஷம் அமாவாசையன்றே அம்மா கடுகை ஊறப்போட்டு என்னிடம் கிண்ணத்தை நீட்டினாள். இன்றைக்கே விதைத்துவிடு, வெள்ளிக்கிழமை பார்க் பச்சையாக இருக்க வேண்டும் என்றாள். பார்க் என்றாலே தரை நாசமாகிறது என்று முணுமுணுக்கிறவள் அவள். அத்தைகூடச் சிரித்தாள், மன்னிக்கு என்ன திடீரென்று இந்த அக்கறை என்று. ஆனாலும் விதைத்தாள். சரஸ்வதி பூஜைக்குள் பழுத்துவிடுமே என்று நான் சிணுங்கியதற்கு, இன்னொரு தட்டு விதைத்துக்கொள்ளலாம் என்றாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, நவராத்திரியின் முதல் நாள். கொலுவுக்கு அழைக்கப் போவது வீட்டில் சிறுமிகளின் வேலை. பட்டுப்பாவாடை கட்டி, சடையில் பூத் தைத்து, குங்குமச் சிமிழோடு மாடி மாடியாக ஏறி, எங்காத்துக் கொலுவுக்கு வாங்கோ என்று சொல்லிவிட்டு வர வேண்டும். எனக்கு அதில் ஏகப் பெருமை. அந்த ஞாயிறு மாடிப்படி மட்டுமில்லை, அப்பா என்னை ரயிலில் கூட்டிக்கொண்டு போனார். குர்லாவில் மாறி செம்பூர். அப்பாவின் ஆபீஸ் நண்பர் வீடு என்று சொன்னார்கள். அங்கே ஒரு மாமி என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தேங்காய் பர்பி கொடுத்தாள். உங்கள் அத்தை எந்த ஆபீஸ், எத்தனை மணிக்கு வருவாள், சமைப்பாளா, பாடுவாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அத்தையைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு வாய் நிற்காது. அத்தை நிமிஷத்துக்கு எத்தனை வார்த்தை அடிப்பாள் என்பதுவரை சொன்னேன். கடைசியில் சிமிழைத் திறந்து அந்த மாமிக்கு நானே குங்குமம் கொடுத்து, வெள்ளிக்கிழமை அவசியம் வாங்கோ என்று அழைத்தேன்.

திரும்பி வரும்போது ரயிலில்தான் எனக்கு உறைத்தது. மாடி வீட்டு மாமிகள் யாரும் இப்படிக் கேட்பதில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மாவைச் சமையலறையில் பிடித்தேன். அவர்கள் அத்தையைப் பார்க்கத்தானே வருகிறார்கள் என்று கேட்டேன். அம்மா சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கொலு பாக்க வராடி. கொலு பாக்க வரேன்னு சொல்றவாளை வராதேங்கோன்னு சொல்ல முடியுமா?"

அத்தையிடம் சொல்லட்டுமா என்றேன். கூடாது என்றாள். அத்தை ஏதாவது தப்பாக நினைத்துக்கொண்டு ஆபீஸிலேயே உட்கார்ந்துவிடுவாள், வீட்டுக்கு வந்தவர்கள் முன்னால் அப்பாவுக்கு அவமானம் என்றாள். நான் விடவில்லை. சத்தியமா கொலு பார்க்க மட்டும்தானா என்று கேட்டேன். அம்மா என் உச்சந்தலையில் கையை வைத்தாள்.

"உன் தலைமேல சத்தியம். போதுமா?"

போதும். பெற்ற பெண்ணின் தலையில் கை வைத்துப் பொய்ச் சத்தியம் செய்தால் அந்தப் பெண் செத்துவிடுவாள் என்று எங்கள் கட்டடத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். தெரிந்தே செய்கிறாள் என்றால் அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும். நான் நிம்மதியாகப் போய்க் கடுகுத் தட்டுக்குத் தண்ணீர் தெளித்தேன்.

அந்த வாரம் முழுவதும் பார்க் வளர்ந்தது. அத்தை ஆபீஸிலிருந்து வந்ததும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவாள். நார் மலையில் ஓடை விடுவது எப்படி என்று இரண்டு நாள் யோசித்தோம். கண்ணாடித் துண்டு வைத்தால் கடைச் சரக்காகிவிடும். தம்பிதான் வாழை மட்டையின் உள்பக்கம் பளபளக்கிறது என்று கண்டுபிடித்தான். ஆறு வயதுப் பையனுக்கு அது பெரிய விஷயம். அன்றிலிருந்து பார்ப்பவரிடமெல்லாம் நதி என்னுடையது என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். கடுகும் அம்மா சொன்ன மாதிரியே வெள்ளிக்கிழமைக்குள் தளதளவென்று நின்றுவிட்டது. கிணறு மட்டும் பாக்கி. வெள்ளிக்கிழமை நீ சீக்கிரம் வந்து உன் கையால் கிணறு வைக்க வேண்டும் என்று அத்தையை அரித்தெடுத்தேன். அதுவும் அம்மா சொல்லிக்கொடுத்ததுதான். ஆனால் எனக்கும் அந்த ஆசை இருந்தது. எது அம்மாவின் ஆசை, எது என் ஆசை என்று அப்போது பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் அத்தை எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். அம்மா குளிக்கப் போயிருந்தாள். அப்பா பால் வாங்கப் போயிருந்தார். பின்னலை இறுக்கிக்கொண்டே அத்தை சாதாரணமாகக் கேட்டாள்.

"இன்னிக்கு யாராவது வராளா?"

நான் அவள் முகத்தைப் பார்க்க முடியாதபடி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். மாடி மாமிகள் வருவார்கள் என்றேன். வேறு யாராவது என்றாள். செம்பூர் மாமியின் பர்பி வாசனைகூட எனக்கு ஞாபகம் வந்தது. கொலு பார்க்கத்தானே வருகிறார்கள், சொல்லாவிட்டால் என்ன, என் தலையில் சத்தியம் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

"வேற யாரும் வரலை அத்தை."

அவள் பின்னலை முடித்து ரிப்பனைக் கட்டினாள். ஐந்து மணிக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஐந்துக்கு முன்னாலேயே வந்துவிட்டாள். ஆபீஸ் காம்பவுண்டில் விழுந்துகிடந்த ஒரு காலிக் குருவிக்கூட்டைக் கைக்குட்டையில் பொதிந்து, கூட்ட ரயிலில் நசுங்காமல் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக் கொண்டுவந்திருந்தாள். தம்பி குதித்தான். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்தோம். புடவை மாற்றிக்கொள், அந்த நீலப் பட்டைக் கட்டிக்கொள் என்று அம்மா இரண்டு தடவை வந்து சொன்னாள். இருங்கோ மன்னி, கை வேலையாயிருக்கு என்றாள் அத்தை. கொட்டாங்கச்சியைப் பதித்துச் சுற்றிலும் களிமண் பூசிக்கொண்டிருந்தாள். முழங்கைவரை மண். நெற்றியில்கூட ஒரு தீற்றல்.

அப்பா அன்று ஆபீஸிலிருந்து சீக்கிரம் வந்து, சட்டை மாற்றி, வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அதைப் பார்த்தும் எனக்குப் புரியவில்லை. படியில் காலடிச் சத்தம் கேட்டது. முதலில் செம்பூர் மாமி வந்தாள். பின்னால் இன்னொரு மாமி. அவர்களுக்குப் பின்னால் ஜரிகை வேஷ்டியில் ஒரு பெரியவர். அவருக்கும் பின்னால் வாசலில் குனிந்து பாலிஷ் போட்ட ஷூவின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு முப்பது வயதில் ஓர் ஆள்.

கொலு பார்க்கப் பெண்கள் வருவார்கள், குழந்தைகள் வருவார்கள். சீவிய தலையும் சலவைச் சட்டையுமாக ஒரு கல்யாணமாகாத ஆள் தன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு கொலு பார்க்க வர மாட்டான். அது எனக்கே தெரிந்தது. அத்தைக்குத் தெரியாதா?

அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. அம்மாவையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். ஒரு நொடிதான். பிறகு எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்து, பெரியவர்களை நமஸ்கரித்து, பாயில் உட்கார்ந்தாள். அவர்களை எழுப்பி அனுப்பவில்லை. கத்தவில்லை. அவள் கத்தியிருந்தால் நான் அவள் பக்கம் போய் நின்றிருப்பேன் என்று இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொள்கிறேன். நின்றிருப்பேனா என்று தெரியாது.

செம்பூர் மாமி பார்க்கைக் குனிந்து பார்த்து, யார் இதெல்லாம் பண்ணினது என்று கேட்டாள். எல்லாம் இவள் கைவேலைதான், ஒன்றையும் வீணாக்க மாட்டாள், குப்பையைக்கூட லட்சுமிகரமாக ஆக்கிவிடுவாள் என்று அம்மா அடுக்கிக்கொண்டே போனாள். குழந்தைகள் சும்மா கூட இருந்து பார்க்கும், அவ்வளவுதான் என்றாள். எங்கள் பார்க்கை அத்தைக்கு ஒரு சர்டிபிகேட்டாக மாற்றி அவர்கள் கையில் கொடுத்துவிட்டாள். நதி என்னுடையது என்று தம்பி சொன்னான். யாரும் கேட்கவில்லை. அவன் இன்னும் உரக்கச் சொன்னான். அப்பா அவனை உள்ளே தூக்கிக்கொண்டு போனார். உள்ளிருந்து அவன் அழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோது அத்தையைப் பாடச் சொன்னார்கள். தொண்டை சரியில்லை என்றாள். பரவாயில்லை என்று செம்பூர் மாமி பெருந்தன்மையாகச் சொன்னாள். சுண்டல், வெற்றிலை பாக்கு, ரவிக்கைத் துணி எல்லாம் வாங்கிக்கொண்டு போனார்கள்.

அவர்கள் போனதும் அத்தை அப்பாவிடம் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாள். வாக்குக் கொடுத்தியே அண்ணா என்றாள். அப்பா விளக்கைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, பெண் பார்க்க என்று யாரையும் கூப்பிடவில்லையே, கொலுவுக்குத்தானே அழைத்தோம், அதுவும் குழந்தை போய் அழைத்தாள் என்றார். பெரிய மனுஷர், கம்பெனியில் நாற்பது பேருக்கு மேல் அதிகாரி. என் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. செம்பூருக்கு என்னைக் கூட்டிப்போனதே அதற்குத்தான். அழைத்தவள் நான், விதைத்த நாள் அம்மாவுடையது, வாக்குத் தவறியவர் யாரும் இல்லை.

அன்றிலிருந்து நான்கு நாள் நான் சாவுக்குக் காத்திருந்தேன். இதைச் சொன்னால் இப்போது என் பெண்கள் சிரிக்கிறார்கள். தலையைச் சீப்பால் தொடவே பயமாக இருந்தது. ராத்திரி அத்தைக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டு உச்சந்தலையைத் தடவித் தடவிப் பார்ப்பேன். ஒன்றும் ஆகவில்லை. ஆகவில்லை என்றதும் பயம் போய் ஆத்திரம் வந்தது. அம்மா என் தலையைப் பணயம் வைத்திருக்கிறாள், ஒன்றும் ஆகாது என்று தெரிந்துதான் வைத்திருக்கிறாள். அதற்குப் பிறகு அவள் என் தலையில் எண்ணெய் வைக்க வந்தால் நான் எழுந்துபோய்விடுவேன். காரணத்தை நான் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. அம்மா போய்ச் சேரும்வரை அப்படியே இருந்தது.

விஜயதசமியன்று செம்பூரிலிருந்து ஆள் வந்தது. பெண்ணைப் பிடித்திருக்கிறதாம். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஒருவர் சொல்லி அனுப்பியிருக்கிறார். அம்மா பால் பாயசம் வைத்தாள். பார்த்தாயா, எல்லாம் உன் நல்லதுக்குத்தானே என்று அப்பா அத்தையிடம் போய் நின்றார். அந்த மனிதர் நல்லவராகக்கூட இருந்திருக்கலாம். அத்தை நாளைக்கு ஹாஸ்டலில் சேர்கிறேன், இடம் கிடைத்துவிட்டது என்று மட்டும் சொன்னாள். அம்மா அழுதாள், திட்டினாள், ஊர் என்ன சொல்லும் என்றாள். பாயசம் அடுப்பிலேயே ஏடு கட்டிக் கிடந்தது.

மறுநாள் காலையில் அத்தை டிரங்குப் பெட்டியை அடுக்கினாள். தம்பி அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டே புடவைகளை மடித்துப் போட்டாள். நான் கதவருகில் நின்றேன். ஐந்து நாளாகச் சொல்லாததை அப்போது சொன்னேன். அம்மா என் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணினாள், அதனால்தான் யாரும் வரவில்லை என்று சொன்னேன் என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. நானும்தான் ஏமாந்தேன், என்னையும்தான் ஏமாற்றினார்கள் என்று அவள் கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன்.

அத்தை தம்பியைக் கீழே இறக்கிவிட்டாள். பெட்டியின் மேல் உட்கார்ந்து என் கண்ணைத் துடைத்தாள். கோபமே இல்லை.

"கடுகு முந்தியே வெதைக்கச் சொன்னப்பவே எனக்குச் சந்தேகம்டி. அண்ணாவைக் கேட்டா மழுப்புவான், மன்னியைக் கேட்டா சத்தியம் பண்ணுவா. அதனாலதான் அவா ரெண்டு பேரும் இல்லாத நேரமாப் பாத்து உன்னைக் கேட்டேன்."

அவ்வளவுதான் சொன்னாள். கீழே டாக்ஸி வந்துவிட்டது.

அத்தை எங்களோடு உறவை முறித்துக்கொள்ளவில்லை. இரண்டு மாதத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் வர ஆரம்பித்தாள். அப்பாவோடு பேசினாள், அம்மாவோடு சேர்ந்து அப்பளம் இட்டாள். பிறகு ஆபீஸில் பெரிய வேலைக்கு உயர்ந்தாள், தாதரில் தனியாக ஒரு சின்ன வீடு வாங்கினாள். என் கல்யாணத்துக்கு எல்லாரையும்விட அதிகமாக ஓடியாடினாள். என் குழந்தைகளை மடியில் போட்டுக்கொண்டாள். அன்பில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவள் இருந்த முப்பத்தைந்து வருஷமும், ரயில் எத்தனை மணிக்கு என்று என்னிடம் கேட்டால்கூட, நான் சொல்வதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, பக்கத்தில் இருக்கிறவரிடமும் ஒரு தடவை கேட்டுக்கொள்வாள்.